புளியங்கொட்டை நகரம்

கணக்கு நோட்டில் பத்துக்குப் பத்து கட்டம் போடுங்கள். ஒரு மூலையில் சில கட்டங்களுக்கு நீல வண்ணம் அடியுங்கள். அது சதுப்பு நிலம். குறுக்கே ஒரு கோடு, அதுதான் ரோடு. மற்றதெல்லாம் வயல். நடுவில் மூன்று கட்டத்தில் புளியங்கொட்டை வையுங்கள். அவை வீடுகள். பரமபதப் பகடையும் வேண்டும்.

ஒரு வயல் கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள் இருக்கும், ஓரத்தில் மட்டும் குறையும். அவற்றில் எத்தனை கொட்டை என்று எண்ணுங்கள். கட்டம் ரோட்டைத் தொட்டால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். இப்போது பகடையை உருட்டுங்கள். விழுந்த எண் உங்கள் கணக்குக்குள் அடங்கினால் அங்கே ஒரு வீடு வரும். உடனே கொட்டையை வைத்துவிடாதீர்கள், பென்சிலால் புள்ளி மட்டும் வையுங்கள். எல்லா வயல் கட்டங்களுக்கும் இப்படிச் செய்தால் ஒரு சுற்று. அது முடிந்தபிறகு எல்லாக் கொட்டைகளையும் சேர்த்து வைக்கலாம். அவசரக்காரர்கள் இங்கேதான் சொதப்புவார்கள்! நீலத்தில் மட்டும் கொட்டை கூடாது.

நாலைந்து சுற்று ஆடினால் ஊர் தடிக்கும். எங்கோ தள்ளி, ரோட்டோரமாக ஒற்றை வீடும் முளைக்கும். நிஜத்திலும் அப்படித்தானே? பக்கத்தில் வீடு வந்தால் கரண்ட் வரும், கடை வரும். வயலில் கல் நட்டு பிளாட் போடுவார்கள்.

இதே மாதிரி ஆட்டத்தைத்தான் 1990-களில் கீத் கிளார்க் என்ற புவியியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்காகக் கம்ப்யூட்டரில் ஆடினார்கள். அவர்கள் மலைச்சரிவையும் கணக்கில் சேர்த்தார்கள். செங்குத்தான சரிவில் யார் வீடு கட்டுவார்கள்?

நிஜக் கட்டங்களைச் செயற்கைக்கோள் தருகிறது. முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972-ல் பறந்தது. இன்றைய லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், தண்ணீர் விழுங்கிவிடும். வயல் எது, ஏரி எது என்று அதை வைத்தே பிரித்துவிடலாம்.

சரி, கம்ப்யூட்டர் சரியாக ஆடுகிறதா? 2000-ஆம் ஆண்டுப் படத்தைக் கொடுத்து, 2020 வரை ஆடச் சொல்வார்கள். 2020-ன் நிஜப் படம் கையில் இருக்கும், ஆனால் காட்டமாட்டார்கள். பரீட்சை மாதிரி! மார்க் போடுவதில்தான் ஒரு சிக்கல். நூறு கட்டத்தில் பத்துதான் மாறியிருக்கிறது என்று வையுங்கள். "எதுவுமே மாறாது" என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறவனுக்குக்கூட 90 மார்க் கிடைத்துவிடும். அதனால் மாறிய கட்டங்களை எத்தனை பிடித்தது, மாறாததை மாறியதாக எத்தனை முறை உளறியது என்று தனியாகப் பார்ப்பார்கள்.

நம் ஆட்டத்தில் நீலத்தைத் தொடக் கூடாது. நிஜத்தில் அப்படி இல்லை. சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் பரந்து கிடந்தது. குப்பைமேடும் ரோடும் கட்டடமும் தின்றதுபோக மிஞ்சியது கொஞ்சம்தான். 2022-ல் அதை உலகின் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள்.

உங்கள் தாளைத் துடைத்துவிட்டு மறுபடி ஆடுங்கள். இந்த முறை நீலத்திலும் கொட்டை வைக்கலாம். முதல் நீலக் கட்டம் எத்தனையாவது சுற்றில் போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.