பிள்ளையை இல்லத்தில் சேர்க்கும் முன்

கணவரை இழந்த தங்கைக்குக் கூலி வேலைதான். “குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தால் பையன் நன்றாகப் படிப்பான்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விசாரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். என்ன கேட்பீர்கள்?

வறுமை மட்டும்தான் காரணமா? அப்படியானால் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கப் பாருங்கள். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவு, தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். தாய் கணவரை இழந்தவராக இருந்து, குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கலாம். மனு கொடுத்த எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடாது. ஆனாலும் இதைக் கேட்காமல் பெட்டியைக் கட்டாதீர்கள். இல்லம் என்பது வேறு வழியில்லாதபோதுதான் என்று சட்டமே சொல்கிறது.

இல்லம்தான் என்று ஆகிவிட்டால்? 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அந்த இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் (பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதா என்று முடிவு செய்ய மாவட்டத்தில் உள்ள, தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு) முன் நிறுத்தி உத்தரவு பெற வேண்டும். “அதெல்லாம் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்பவர்களிடம் விடாதீர்கள். பிள்ளை அங்கே இருப்பதற்கே பதிவு இருக்காது.

எந்தப் பள்ளிக்கு அனுப்புவார்கள்? பலரும் கேட்க மறப்பது இதைத்தான். தமிழ்நாட்டில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தவை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களும் இத்திட்டங்களில் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். இல்லமே நடத்தும் தனியார் பள்ளியின் சீருடையைப் பார்த்து மயங்கிவிட்டால் இவை கை நழுவலாம். மாலையில் பாடம் சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

சான்றிதழ்கள்? பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும். தாயும் இல்லாத பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு: பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாருமின்றி, அரசு அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் வளரும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சாதி தெரியாத பிள்ளைக்குக் கல்லூரிச் சேர்க்கையில் இது பெரிய உதவி. இல்ல நிர்வாகிகள் சிலருக்கே தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்.

போய்ப் பார்க்க விடுவார்களா? விட வேண்டும். சந்திப்பு நாள் எது என்று முதல் நாளே கேளுங்கள். நன்கொடை கேட்கும் நோட்டீஸில் பிள்ளைகளின் முகமும் பெயரும் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அவர்களின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பதினெட்டு வயதானால்? இல்லத்தை விட்டு வெளியேறும் வயது அது. பிளஸ் டூ முடிந்து கல்லூரிக்கு மனுப் போடும் நேரமும் அநேகமாக அதுவே. பின்காப்பு (18 வயதுக்குப் பிறகு தரப்படும் உதவி) 21 வயது வரை கிடைக்கலாம். விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் 23 வரை நீளலாம். தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். அதனால் பதினொன்றாம் வகுப்பிலேயே பேச்சை எடுங்கள். இதற்குமுன் அங்கே படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து, முடிந்தால் அவர்களில் ஒருவரிடம் பேசுங்கள்.