பழைய தொட்டில், புதிய குழந்தை

ஒரு வீட்டுத் தொட்டில் மறு வீட்டிற்குச் செல்வது தங்கவயல் லயன் வீடுகளில் நெடுநாளாய் இருந்துவரும் வழக்கம். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர்ப் பலர் குடும்பத்துடன் பெங்களூர் சென்றனர்; இங்கேயே தங்கியோரில் பலர் மாரிக்குப்பம் இரயிலில் நாள்தோறும் சென்று மீள்கின்றனர். ஊரை விட்டுச் செல்வோர் கொடுத்துச் செல்லும் பொருள்களுள் தொட்டிலுக்கும் நடைவண்டிக்கும் தனி இடம் உண்டு. ஸ்கெலட்டனில் உள்ள எங்கள் வீட்டிற்கும் அவ்வாறே இரும்புச் சட்டத் தொட்டில் ஒன்று வந்து சேர்ந்தது.

கொடுத்தவர் அடுத்த லயனில் இருந்த பெரியம்மா. "என் பேரப்பிள்ளைகள் மூவரும் இதில்தான் வளர்ந்தார்கள், தம்பி, உன் பிள்ளைக்கும் இராசியாக இருக்கட்டும்" என்றார். அன்புடன் தருவதை மறுப்பது எங்ஙனம்? ஆனால், வீட்டில் பிரித்துப் பார்த்தபோது துணியில் பால்கறையும் மூத்திர வாடையும், சட்டத்தின் மூலைகளில் எண்ணெயும் புழுதியும் இறுகிய அழுக்கும் கண்டோம். இல்லாளுக்குப் பிரசவத்திற்குப் பத்தே நாள் இருந்தது.

அவசரத்தில் ஒரு பிழை செய்தோம். துணியை நீரில் அலசாமலே, கதவடைத்த குளியலறையில் பிளீச்சிங் தூள் கரைசலில் ஊறவைத்தோம். சற்று நேரத்தில் கண் எரிந்தது, மூச்சு முட்டியது. மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவுடன் பிளீச்சிங் தூள் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும். காடி, எலுமிச்சைச்சாறு முதலிய புளிப்புப் பொருள்களுடன் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிப்படும். இல்லாள் அவ்வேளையில் அருகில் இல்லாதது தெய்வச் செயல். குமாஸ்தா வேலையில் கோப்பை இருமுறை படிக்கும் நாங்கள், இதில் அப்பொறுமையைக் காட்டவில்லை.

பின்னர் விசாரித்தும் செய்து பார்த்தும் அறிந்தவற்றை வாசகர் நலன் கருதி எழுதுகிறோம்.

முதலாவது புழுதி. பாறையைத் தூளாக்கிச் சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய மண்ணே நம்மூர் மேடுகளாய்க் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் அது வீடு புகும். அந்தப் பாறைத் தூளில் சிலிக்கா உண்டு. நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலை அரித்த கதையை நம் சுரங்கக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் பழைய பொருளை வீட்டினுள் உதறாமலும் தட்டாமலும், வெளியில் வைத்து ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது வர்ணம். வீட்டு வர்ணங்களில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வர்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கலாம். அதனை உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் ஆகாது. வர்ணம் உரியும் பொருளைக் குழந்தைக்குக் கொடாதிருப்பதே நன்று.

பால்கறையை முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். சுடுநீர் பட்டால் பாலிலுள்ள புரதம் துணியிலேயே உறைந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கிற்கு ஆப்பச் சோடாவை நீரில் குழைத்துத் தடவி, அரைமணி கழித்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் இடுக்கு அழுக்கும் வந்துவிடும். மஞ்சள்கறை சோப்புப் பட்டதும் சிவந்தால் அஞ்ச வேண்டா. அது மஞ்சளின் இயல்பே. நன்கு அலசி வெயிலில் இட்டால் நாளடைவில் வெளுக்கும். பித்தளைக் கொக்கிக்குப் புளியும், இரும்புத் துருவிற்கு எலுமிச்சையும் உப்பும் போதும். தேய்த்தபின் நன்கு கழுவி, ஈரமின்றித் துடைக்க வேண்டும். மூத்திர வாடைக்குப் பலமுறை நீரில் அலசி, காடி கலந்த நீரில் ஊறவைத்து, மீண்டும் அலசி வெயிலில் உலர்த்துக. மெத்தையின் உள்வரை கரும்பூசணம் ஏறியிருந்தால் எறிந்துவிடுவதே முறை.

கீறல் விழுந்த பால்புட்டியும் வெடித்த ரப்பர்க் காம்பும் எவ்வளவு கழுவினாலும் தூய்மையாகா. கிருமி கீறலில் ஒளிந்துகொள்ளும். நம் பாட்டிமார் கையாண்ட பாலாடையோ எளிதில் கழுவிக் கொதிக்கவைக்கத் தக்கது. குழந்தை உள்ளே அமர்ந்து உருட்டிச் செல்லும் வாக்கரைக் கழுவிப் பயனில்லை. விபத்துகளைக் கண்டு கனடா நாடு 2004இல் அதனைத் தடைசெய்தது.

மூன்று நாள் வெயிலில் காய்ந்த தொட்டிலில் எங்கள் மகள் உறங்கியபோது பெரியம்மா வந்தார். சட்டத்தைத் தடவிப் பார்த்து, "இது நம் தொட்டில்தானா?" என்றார்.

பழைய பொருளை வாங்குவதில் இழிவில்லை. அழுக்குடன் கொடுப்பதில்தான் வாங்குவோர் மனம் குன்றுகிறது. எங்கள் வீட்டுத் தொட்டில் அடுத்த வீட்டிற்குச் செல்லும் நாளில் கழுவியே செல்லும். அன்பர்களும் அவ்வாறே செய்வார்களாக.