எண் கணினிக்கு, சொல் நமக்கு

சென்ற ஆண்டு என் அத்தை ஓர் உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பித்தார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், திரையில் 'நிலை: 4' என்று மட்டும் இருந்தது. வரிசையில் நான்காவது ஆளாக இருக்கிறோம், முறை வரும் என்று காத்திருந்தார். நேரில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, 4 என்றால் 'ஆவணம் போதவில்லை' என்று பொருளாம்! அதற்குள் கெடு முடிந்துவிட்டது.

கணினி எண்ணைச் சேமித்து வைப்பதில் தவறில்லை. நம் மலேசிய அடையாள அட்டையையே பாருங்கள். 12 இலக்கங்களில் ஏழாவதும் எட்டாவதும் பிறந்த இடத்தைச் சொல்கின்றன. 01 ஜொகூர், 07 பினாங்கு, 08 பேராக், 10 சிலாங்கூர். இதையே எழுத்தில் எழுதச் சொன்னால் ஒருவர் 'பினாங்கு' என்பார், மற்றொருவர் 'புலாவ் பினாங்' என்பார். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு இடங்கள். 07 என்றால் குழப்பமே இல்லை.

ஆனால், அந்த எண் திரைக்கு வரும்போது சொல்லாக மாறவேண்டும். வழி எளிதுதான். தரவுத்தளத்தில் ஒரு சிறு அட்டவணை போதும். முதல் பத்தியில் எண். அடுத்தடுத்த பத்திகளில் மலாய், ஆங்கிலம், தமிழ்ச் சொற்கள். பக்கம் திறக்கும்போது நிரல் அந்த எண்ணை அட்டவணையில் தேடி, நாம் தேர்ந்தெடுத்த மொழியின் சொல்லைக் காட்டும். பாரத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் பட்டியலும் அப்படியே. கண்ணுக்குத் தெரிவது 'பேராக்', உள்ளே போவது 08.

சிலர் அட்டவணை வைக்காமல், ஒவ்வொரு பக்கத்திலும் சொற்களைத் தனித்தனியே எழுதிவிடுகிறார்கள். பின்னாளில் புதிய எண் ஒன்று சேர்ந்தால், ஏதாவது ஒரு பக்கம் விடுபட்டுப் போகும். அங்கே வெறும் எண் நிற்கும். அல்லது ஒன்றுமே இராது. அட்டவணையில் இல்லாத எண் வந்தால், 'விளக்கம் இல்லாத குறியீடு 7. அலுவலகத்தைக் கேட்கவும்' என்றாவது காட்டவேண்டும்.

சொல்லும் முழுமையாக இருக்கவேண்டும். 'ஆவணம் போதவில்லை' என்பதோடு எந்த ஆவணம், எந்தத் தேதிக்குள் என்றும் சொன்னால்தான் பயன்.

அகப்பக்கம் வடிவமைக்கும் இளைஞர்களே, வேலையை ஒப்படைக்கும் முன் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் திரையைக் காட்டுங்கள். நேயர்களே, திரையில் வெறும் எண்ணைக் கண்டால் நீங்களாகப் பொருள் கொள்ளாதீர்கள். அன்றே கேட்டுவிடுங்கள்.