‘சைக்கடெலிக் ஷாக்’
நெடுநேர இசைத்தட்டு (33⅓ சுழற்சி)
தி டெம்ப்டேஷன்ஸ் குழு
மோடவுனின் ‘கார்டி’ முத்திரை, டெட்ராய்ட், அமெரிக்கா, 1970

ஒரே மாதிரி கோட்டு சூட்டணிந்து, அடி பிசகாமல் ஆடி, ‘மை கேர்ள்’ போன்ற காதல் பாடல்களால் பெயர்பெற்ற ஐவர் குழு இது. 1968இல் பாடகர் டேவிட் ரஃபின் நீக்கப்பட, டென்னிஸ் எட்வர்ட்ஸின் கரகரப்பான குரல் வந்து சேர்ந்தது. தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட் குழுவின் ஓசையையே மாற்றினார். ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவின் தாக்கம் அதில் வெளிப்படை. இவர்களின் ‘கிளவுட் நைன்’ பாடல் மோடவுன் இசை நிறுவனத்துக்கு முதல் கிராமி விருதைத் தந்தது. அங்கே தொடங்கிய மாற்றம் இந்தத் தட்டில் முழுமையடைந்தது.

தலைப்புப் பாடலின் தொடக்கத்தைக் கவனியுங்கள். ஒருவர் கதவைத் தட்டி உள்ளே வந்து இசைத்தட்டில் ஊசியை வைக்கிறார். ஒலிப்பது இதே குழுவின் முந்தைய வெற்றிப் பாடல். குறும்பான விளம்பரம்தான்! பிறகு மின்கிதார் உறும, ஐவரும் வரிகளைப் பங்கிட்டுப் பாடுகிறார்கள். தனி நாயகக் குரல் இல்லை.

விட்ஃபீல்டும் பாரெட் ஸ்டிராங்கும் எழுதிய ‘வார்’ என்ற போர் எதிர்ப்புப் பாடல் முதலில் வெளிவந்தது இந்தத் தட்டில்தான். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். பழமைவாத ரசிகர்கள் விலகிவிடுவார்கள் என்று அஞ்சிய நிறுவனம், இவர்கள் பாடியதைத் தனித்தட்டாக வெளியிடவில்லை. பாடகர் எட்வின் ஸ்டாரைக் கொண்டு மீண்டும் பதிவுசெய்தது. அந்தப் பதிவு அதே ஆண்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.