பப்பாளி மாவுப்பூச்சியும் ஒரு சிறு குளவியும்

அருள்புரத்தைச் சுற்றிப் பல்லடம் சாலையில் இன்று பனியன் தொழிற்கூடங்களே கண்ணில் படுகின்றன. ஆயினும் நம் அங்கத்தினரில் நிலத்தை நம்பியவர் பலர் உளர். தறியை நம்பியவருக்கும் பருத்தியும் பட்டுக்கூடும் நிலத்திலிருந்தே வரவேண்டும். ஆகவே பின்வரும் செய்தி இரு சாராருக்கும் உரியது.

2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அதுவரை இந்தியாவில் காணப்படாத ஒரு மாவுப்பூச்சி கோயமுத்தூரில் பப்பாளி மரங்களில் கண்டறியப்பட்டது. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். அங்கே அதனைத் தின்று அடக்கிவைக்கும் இயற்கை எதிரிகள் இருந்தன, இங்கே இல்லை. பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, தேக்கு, செம்பருத்தி, வேலியோரக் களைகள் ஆகியவற்றிலும் அது பரவியது. திருப்பூர், ஈரோடு, கோவை வட்டாரங்களில் மல்பெரித் தோட்டங்கள் வெண்மை பூத்துச் சுருண்டன.

மருந்து தெளித்தவர்கள் பலமுறை தெளித்தனர். பூச்சியின் உடலை மூடிய மெழுகுத் தூளில் மருந்து எளிதில் ஒட்டவில்லை. பஞ்சு போன்ற பையினுள் நூற்றுக்கணக்கான முட்டைகள் பத்திரமாக இருந்தன. அன்றியும், மருந்து பட்ட மல்பெரி இலையைத் தின்ற பட்டுப்புழு மடியுமாதலால், பட்டு வளர்ப்போரின் நிலை இருதலைக்கொள்ளி எறும்பின் நிலையாயிற்று.

விஞ்ஞானிகள் வேறு வழி கண்டனர். பூச்சி வந்த திசையிலிருந்தே அதன் பகைவனையும் வரவழைப்பது என்பதே அது. இலங்கை 2009இல் இம்முறையைக் கையாண்டிருந்தது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியுடன் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் என வழங்கும் நிலையம் அவற்றைத் தனிக்காப்பில் வைத்துச் சோதித்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் அவை விடப்பட்டன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியைப் பெருக்கினர்.

மூன்றனுள் அசெரோபேகஸ் பப்பாயே என்பதே நன்கு நிலைத்தது. கடுகினும் சிறிய இக்குளவி மனிதரைக் கொட்டாது. இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அப்பூச்சியை உள்ளிருந்தே தின்று, வளர்ந்த குளவியாகி, வட்டத் துளையிட்டு வெளியேறும். சில மாதங்களுக்குள் பெரும்பாலான இடங்களில் பூச்சி அடங்கியது. ஐந்தாண்டுகளில் விளைந்த நன்மை 50 கோடி டாலருக்கும் மேல் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

இவ்வளவு பயன் தந்த பொருளைக் கடையில் வாங்க இயலாது என்பதை நாம் கவனிக்கவேண்டும். ஒருமுறை நிலைத்துவிட்டால் தானே பெருகும் குளவியை விற்று இலாபம் காணும் வணிகர் யார்? அஃது எவர் வேலிக்கும் அடங்காத பொதுச்சொத்து. அதனாலேயே எளிதில் கெடக்கூடியதும் ஆகும். ஒருவர் கடும் மருந்தைத் தெளித்தால், அடுத்த தோட்டத்தாரின் குளவியும் மடியும். இவ்விஷயம் தனி விவசாயியின் முடிவுக்கு விடத்தக்கதன்று, சங்கக் கூட்டத்தில் பேசத்தக்கது என்பது நம் கருத்து.

2020இல் கேரளத்தில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம் வட்டாரத்தையும் தாக்கியது. ஆப்பிரிக்காவில் அதை அடக்கிய குளவி பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு 2022இல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டது. இனியும் இத்தகைய அந்நியப் பூச்சிகள் வரும்.

ஆகவே மருந்துக் குப்பியைத் திறக்குமுன் இலையின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டுகிறோம். மாவுப்பூச்சிகள் உப்பிப் பழுப்பேறி, முதுகில் வட்டத் துளையுடன் காணப்பட்டால் குளவி வந்துவிட்டது என்று அறியலாம். அவ்விலையை எரித்துவிடாது, பூச்சி தாக்கிய பக்கத்து மரத்தில் கட்டிவிடுக. தேனுக்காக மாவுப்பூச்சியைக் காவல் காக்கும் எறும்புப் புற்றுகளை மட்டும் ஒழித்தால் குளவிக்கு வழி எளிதாகும்.