‘ஏசுவையே துதிசெய்’: ஒரு ஏகாரத்தின் கதை

தமிழ்ச் சபைகளில் பெரியவங்க கண்ணை மூடிக்கிட்டு, தாளம் போட்டுப் பாடுற பழைய கீர்த்தனைகளில் ஒன்று ‘ஏசுவையே துதிசெய்’. கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் வந்த பிறகும் இந்தப் பாட்டு போகவில்லை. இது எங்கிருந்தோ மொழிபெயர்ந்து வந்த பாட்டு இல்லை. நம்ம காவிரி டெல்டாவோட பாட்டு.

எழுதியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு ஆள். ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிடாதீங்க. சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தார். ஜெர்மன் மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சின்ன வயசிலேயே தஞ்சாவூருக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். தரங்கம்பாடியிலும் சில காலம் படித்தார். காரைக்காலில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிற அதே தரங்கம்பாடிதான். அப்போ காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில், தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையில். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கியதும், தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் அங்கேதான்.

சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த இன்னொரு பையன் தஞ்சை இளவரசர் சரபோஜி. 1798-ல் ராஜாவானார்; சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர் இவர்தான். ஒரே குருவிடம் படித்த இரண்டு பேரில் ஒருவர் அரசர், இன்னொருவர் கவிஞர். அரசர் கடைசி வரை சைவர், கவிஞர் கிறிஸ்தவர். ஆனாலும் நட்பு விட்டுப்போகவில்லை.

1800-ல் சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதினார். தலைவன் உலா வருவான், தலைவி காதல் கொள்வாள், குறத்தி வந்து குறி சொல்வாள். இதுதான் குறவஞ்சியின் அமைப்பு. அதில் இயேசுவைத் தலைவனாக வைத்துப் பாடினார். நம்ம மாதிரி ஆட்களுக்குப் பிடிக்கிற ஒரு விஷயமும் அதில் உண்டு: பூமியும் மற்ற கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன என்ற கோப்பர்நிக்கஸின் வானியலையும் அந்தக் குறவஞ்சிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்.

இப்போ பாட்டின் கதைக்கு வருவோம். சபைகளில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. சாஸ்திரியாரின் புலமையை ரசித்த சரபோஜி, பிரகதீஸ்வரர் மேலும் இப்படி ஒன்று பாடித் தாருங்கள் என்று கேட்டாராம். ராஜா மிரட்டவில்லை, ஆசையாகத்தான் கேட்டார். அதனால்தான் சிக்கல். எதிரி கேட்டால் மறுப்பது எளிது. கூடப் படித்தவர், ஆதரிக்கிறவர், அதிலும் அரசர் கேட்டால் என்ன சொல்வது? சாஸ்திரியார் மனம் கலங்கினார். அந்தக் கலக்கத்தில் பிறந்தது ‘ஏசுவையே துதிசெய்’ என்கிறார்கள். ராஜாவும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லையாம்.

இந்தக் கதையைக் கேட்டதும், ராஜாவை எதிர்த்துப் பாடிய பாட்டு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பாட்டைக் கவனித்தால், ‘துதிசெய்’ என்ற கட்டளை ராஜாவுக்கு இல்லை, ஊருக்கும் இல்லை. பல்லவியிலேயே கவிஞர் கூப்பிடுவது தன் மனதைத்தான். “நீங்க ஏன் அவரைக் கும்பிடுறீங்க?” என்று யாரையும் கேட்கவில்லை. தடுமாறுகிற தன் நெஞ்சைப் பிடித்து உட்கார வைத்துப் பேசுகிறார். வேதாகமத்தில் 103-ஆம் சங்கீதத்தில் தாவீது தன் ஆத்துமாவோடு பேசுவதும் இதே முறைதான்.

அடுத்தது அந்த ‘ஏ’. ‘ஏசுவைத் துதிசெய்’ என்று சொல்லியிருந்தாலும் அர்த்தம் வந்திருக்கும். ‘ஏசுவையே’ என்றார். ஸ்கூல் இலக்கணத்தில் படித்த பிரிநிலை ஏகாரம் இது. பலவற்றிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து எடுக்கும். அரண்மனையின் பாராட்டு, பரிசு, நண்பனின் மனக்குறை பற்றிய பயம் எல்லாம் ஒரு பக்கம் நிற்க, ஒருவரை மட்டும் பிரித்தெடுக்கிறது அந்த ஓர் எழுத்து. பத்துக் கட்டளைகளில் முதல் கட்டளையின் சாரமும் இதுதான்.

இந்தக் குரல் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. நூற்றாண்டுகளுக்கு முன்னாடியே காரைக்கால் அம்மையார் தன் நெஞ்சை விளித்துப் பாடியிருக்கிறார். சிவனுக்கே ஆளாவேன், வேறொருவருக்கு ஆக மாட்டேன் என்ற உறுதியை அற்புதத் திருவந்தாதியில் வைத்திருக்கிறார். மாங்கனித் திருவிழாவில் நாம் எல்லாரும் பார்க்கிற அதே அம்மையார். தெய்வம் வேறு, நம்பிக்கை வேறு. ஆனால் ஒருவரையே பற்றிக்கொள்கிற பக்திக்குத் தமிழில் ஒரு பேச்சு முறை ஏற்கெனவே இருந்தது. சாஸ்திரியார் அந்த முறையிலேயே தன் ஆண்டவரைப் பாடினார்.

சாஸ்திரியாரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பிற்காலத்தில் வந்த மிஷனரிகள் சபையில் சாதி வேறுபாடு கூடாது என்றார்கள். கூடவே தமிழ்க் கீர்த்தனைகளையும் பழைய வழக்கங்கள் சிலவற்றையும் ஒதுக்கப் பார்த்தார்கள். சாஸ்திரியார் 1829-ல் இரண்டையுமே எதிர்த்து எழுதினார். மிஷன் வேலையும் போனது. தமிழ் இசைக்காக அவர் நின்றது சரி. அதனால்தான் இன்றும் சர்ச்சில் கீர்த்தனை கேட்கிறது. சாதிக்காக நின்றது சரியில்லை. ‘ஏசுவையே’ என்று பாடிய மனதிலும் குலப்பெருமைக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. பாட்டு மனதைப் பார்த்துப் பாடப்பட்டது என்றால், பாடியவர் மனதையும் சேர்த்துத்தான் அது கேள்வி கேட்கிறது.

வேலை போன நாட்களில் அவரை ஆதரித்தது யார் தெரியுமா? அதே சரபோஜிதான். அரண்மனைப் புலவராக வைத்துக்கொண்டார். பாட்டு எந்தச் சூழ்நிலையில் பிறந்திருந்தாலும், இருவரின் நட்பு நீடித்தது வரலாறு. தன் நம்பிக்கையை விடாமலும் நண்பனைப் புண்படுத்தாமலும் வாழ முடியும் என்பதற்கு அது சாட்சி. ஹாஸ்டலில் ஒரே ரூமில் மூன்று மதத்தவர் தங்கியிருக்கிற நமக்கு இது ரொம்பத் தூரத்துக் கதை இல்லை.

அடுத்த தடவை இந்தப் பாட்டு காதில் விழும்போது அந்த ஏகாரத்தைக் கொஞ்சம் கவனிங்க. எந்த மதத்தவராக இருந்தாலும், நம்ம மனசு எதை மட்டும் பிரித்தெடுத்துப் பிடித்திருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.