மிதிவண்டியும் சாலைச் சட்டமும்

கடலூர்–சிதம்பரம் நெடுஞ்சாலையில் நூற்கட்டும் காய்கறியும் ஏற்றி மிதிவண்டியில் செல்லும் அங்கத்தினரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு யாது?

இங்கிலாந்தில் தவறிழைக்கும் மோட்டார் ஓட்டுநருக்குத் தண்டனைப் புள்ளிகள் இடுவர். 3 ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகக்கூடும். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிப்போரின் உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்துசெய்யவும் இடமளிக்கிறது. மிதிவண்டிக்கென ஒதுக்கிய பாதையில் மோட்டார் ஓட்டுவதும் விதிமீறலே.

மோதிய வண்டி இன்னதென்று தெரியாவிடில்? 1-4-2022 முதல் உயிரிழப்புக்கு ரூ.2 லட்சமும், கொடுங்காயத்துக்கு ரூ.50,000மும் இழப்பீடு உண்டு. போலீஸில் புகார் பதிவு செய்து, கடலூர் அல்லது சிதம்பரம் வருவாய்க் கோட்ட அலுவலகத்திலோ தாசில்தாரிடமோ மனுச் செய்தல் வேண்டும். அறியாமையால் எந்தக் குடும்பமும் இவ்வுரிமையை இழத்தலாகாது.